டாவின்சியும் டிராவிடும்: அதிகம் கவிழ்த்தது யார்?

திண்ணைக்காரன் | 4 ஏப்ரல் 2007, மாலை 5.40

போன மாதம் இரண்டு விஷயங்களை நம்பித் தூக்கத்தைத் தொலைத்தேன். ஒன்று, ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் டான் பிரவுனின் 'டாவின்சி கோட்' நாவல். இன்னொன்று டிராவிட் தலைமையில் போன நம் இந்திய கிரிக்கெட் அணி. இரண்டுமே கவிழ்த்துவிட்டன.

அணி கதை தெரிந்ததுதான். உலகக் கோப்பைக்கு முன்னால் வெஸ்ட் இண்டீசையும் இலங்கையையும் சொந்த மண்ணில் ஜெயித்தார்கள். டிவியைப் போட்டால் நம் ஆட்கள்தான். குளிர்பானம், பைக், செல்போன் எல்லாம் அவர்கள் கையில். கடைசியில் மார்ச் 17-ஆம் தேதி வங்கதேசத்திடம் 191-க்கு ஆல் அவுட். 157-க்கு நாலு விக்கெட் என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தால் 159-க்கு ஒன்பது. 23-ஆம் தேதி இலங்கையின் 254-ஐத் துரத்தி 185-இல் படுத்தோம். அதற்கும் நான் முழித்திருந்தேன்.

புத்தகத்தை நடைபாதைக் கடையில் வாங்கினேன். எவ்வளவுக்கு என்று கேட்காதீர்கள். பைண்டிங்கில் ஒரு ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்திருந்தது. அதாவது பதினாறு பக்கம் அப்படியே திரும்ப வருகிறது. படித்துக்கொண்டே போகிறேன், எட்டாவது பக்கத்தில்தான் 'அட, இது வந்துடுச்சே' என்று உறைத்தது. ஓடுகிறார்கள், ஒரு புதிர், பேராசிரியர் விளக்கம் சொல்கிறார், மறுபடி ஓடுகிறார்கள். எந்தப் பதினாறு பக்கத்தை எங்கே தைத்தாலும் யாருக்கும் தெரியாது.

இனி கிரிக்கெட்டும் வேண்டாம், உலகமே படிக்கிற புத்தகமும் வேண்டாம். இன்றைக்கு ஒன்பது மணிக்கே படுக்கை.

நைட் ஷிப்ட் | மாலை 5.52

அண்ணே, 413 அடிச்ச அன்னிக்கு 'கப்பு நமக்குத்தான்'னு எழுதினது யாரு?

திண்ணைக்காரன் | மாலை 5.58

பெர்முடாவை 257 ரன்னில் ஜெயித்ததைச் சொல்கிறாய். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

புத்தகப்புழு | மாலை 6.20

அணியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். புத்தகத்தை ஏன் அதோடு சேர்த்துத் திட்டுகிறீர்கள்? அது எதைத் தருகிறேன் என்றதோ அதைத் தந்தது. எத்தனை ராத்திரியில் முடித்தீர்கள்?

திண்ணைக்காரன் | மாலை 6.24

இரண்டு. ஆனால் அக்கா, அது கேள்வியே இல்லை.

புத்தகப்புழு | மாலை 6.41

அதுதான் கேள்வி. நூறு அத்தியாயத்துக்கு மேல் இருக்கிற புத்தகம். சில அத்தியாயம் ஒன்றரைப் பக்கம்தான். ஒவ்வொன்றும் கதவைத் திறக்கப் போகிற நேரத்தில் நிற்கும். நம் ஊர் மாதநாவல்காரர்கள் பேருந்து நிலையக் கடைகளில் பல வருஷமாகச் செய்கிற வேலைதான். அதை ஒருவர் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் அதைப் படித்து ரசித்தவர் இதைப் படித்ததும் இலக்கிய விமர்சகர் ஆகிவிட்டால் எப்படி?

திண்ணைக்காரன் | மாலை 6.55

சரி அக்கா, தர்க்கத்துக்கே வருகிறேன். ஆரம்பத்தில் அருங்காட்சியக அதிகாரியை வயிற்றில் சுடுகிறார்கள். இன்னும் பதினைந்து நிமிடம்தான் உயிர் என்று அவருக்கே தெரியும். அந்த நேரத்தில் ஃபிபோனாச்சி எண்களை (முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை) கலைத்துப்போட்டு எழுதுகிறார், எழுத்துகளை இடம் மாற்றினால் 'லியோனார்டோ டாவின்சி, மோனாலிசா' என்று வருகிற மாதிரி இரண்டு வரி எழுதுகிறார், அப்புறம் டாவின்சி ஓவியத்து மனிதன் போலக் கைகாலை விரித்துப் படுத்து உயிர் விடுகிறார். நான் பல்வலிக்கே லீவு லெட்டரில் தேதியை மாற்றி எழுதினவன்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்தக் கண்ணாடி எழுத்து. ஒரு பெட்டி மூடிக்கு அடியில் விசித்திரமான எழுத்தில் நாலு வரி. ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர், பிரிட்டிஷ் வரலாற்றறிஞர் ஒருவர், இரண்டு பேரும் என்ன மொழி, எந்த நாட்டு லிபி என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தின் பேரிலேயே டாவின்சி இருக்கிறார். அந்த மனுஷர் நோட்டுப் புத்தகத்தில் இடம் வலமாகத் திருப்பி எழுதுவார் என்று என் பையனுக்கே தெரியும். வில்லன் யார் என்பதும் அப்படியே. வீட்டுக்குள் சேர்த்து, டீ கொடுத்து, விமானம் வரை ஏற்பாடு செய்கிற பெரிய மனுஷர் எந்தக் கதையில் நல்லவராக இருந்திருக்கிறார்?

நைட் ஷிப்ட் | மாலை 6.57

யோவ்! நான் இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன்!

ஸ்காபரோக்காரன் | இரவு 7.02

வணக்கம். இங்க கனடாவில காலமை ஒன்பதரை, இலங்கை இங்கிலாந்து மட்ச் இப்பத்தான் தொடங்குது. நீங்கள் கதையுங்கோ, நான் இடைக்கிடை வாறன்.

புத்தகப்புழு | இரவு 7.25

கண்ணாடி எழுத்து ஓட்டை என்கிறீர்கள். எனக்கு அது வேண்டுமென்றே வைத்த இடமாகத்தான் தெரிகிறது. அந்த அத்தியாயத்தில் உங்களுக்கு விடை முதலில் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்தீர்கள்? புத்தகத்தை மூடினீர்களா? 'கண்ணாடிய எடுங்கடா' என்று கத்திக்கொண்டே பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். கிராமத்துக் கொட்டகையில் கதாநாயகனுக்குப் பின்னால் வில்லன் வரும்போது தரை டிக்கெட் கத்துமே, 'பின்னாடி பாரு'! அதே சந்தோஷம். மெத்தப் படித்த இரண்டு பேரை ஒரு நிமிஷம் முட்டாளாக்கிப் படிக்கிறவரைப் பெரிய ஆளாக்குகிறார். அந்தப் போதையில்தான் மீதிப் பக்கம் ஓடுகிறது.

கிரிக்கெட்டிலும் நீங்கள் தினமும் இதைத்தான் செய்கிறீர்கள். 'ஸ்பின் போடுடா' என்று டீக்கடையில் நிற்பவருக்குத் தெரிகிறது, டிராவிடுக்குத் தெரியவில்லை. அங்கே மட்டும் அது ரசனை!

மூன்றாவது அம்பயர் | இரவு 8.10

அக்காவின் பதிவு சுவாரசியம், ஆனால் நான் நேர் எதிர்க்கட்சி. அணி நேர்மையாகத் தோற்றது. புத்தகம் முதல் பக்கத்திலேயே பொய் சொன்னது.

கதை தொடங்கும் முன்பே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம். சியோன் மடம் என்ற ரகசியச் சங்கம் 1099-இல் நிறுவப்பட்டது, அது நிஜமான அமைப்பு என்று இருக்கிறது. பிரான்சில் பியர் பிளான்டார் என்பவர் 1956-இல் பதிவு செய்த சங்கம் அது. பழைய ஆவணம் என்று காட்டினதெல்லாம் அவர் கூட்டாளிகள் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தவை. கதையில் கதை விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் 'உண்மை' என்று பலகை மாட்டிவிட்டுக் கதை விட்டால் அதற்குப் பேர் வேறு.

இப்போது அணி. நாலு அணி கொண்ட பிரிவு, மூன்றே ஆட்டம், இரண்டு அணி மேலே போகும். ஒரு நாள் சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதே 17-ஆம் தேதி பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்று வெளியே போனது. 2003-இல் இறுதி ஆட்டம் வரை போன அணி இது. இடையில் தொடர்ந்து 17 ஒருநாள் ஆட்டங்களை இரண்டாவதாக ஆடி ஜெயித்த அணி. எல்லாம் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

எல்லாரும் 'நாம் தோற்றோம்' என்றே எழுதுகிறீர்கள். அவர்கள் ஜெயித்ததை யாராவது பார்த்தீர்களா? தமீம் இக்பால், அன்றைக்கு வயது 17. ஜாகீர் கானை இறங்கி வந்து தூக்கி அடித்தானே, அது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அந்த வயதுக்குப் போடமாட்டார்கள். மஷ்ரஃபே நாலு விக்கெட். முந்தின நாள்தான் அவர்களோடு ஆடிய மஞ்சுருல் இஸ்லாம் ராணா சாலை விபத்தில் இறந்துபோன செய்தி வந்திருந்தது. அந்தத் துக்கத்தோடு களம் இறங்கினவர்கள் அவர்கள்.

நைட் ஷிப்ட் | இரவு 8.18

நிஜ த்ரில்லர் ஜமைக்காவுலதானே ஓடுது. பாகிஸ்தான் கோச் ஹோட்டல்ல...

புத்தகப்புழு | இரவு 8.24

தம்பி, அது வேண்டாம். பாப் உல்மர் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். போலீஸ் விசாரிக்கிறது, விசாரிக்கட்டும்.

நைட் ஷிப்ட் | இரவு 8.26

சரிக்கா. தப்புதான்.

திண்ணைக்காரன் | இரவு 8.40

படுக்கப் போகும் முன் அம்பயருக்கு ஒரு பதில். வங்கதேசம் நன்றாக ஆடியது, ஒப்புக்கொள்கிறேன். நம் ஆள் என்ன செய்தார்? கங்குலி 66 எடுக்க 129 பந்து. ஓப்பனராகவே உலகத்தை மிரட்டிய சச்சினை நாலாவது இடத்துக்குத் தள்ளினார்கள்; வங்கதேசத்தோடு 7, இலங்கையோடு 0. தோனி இரண்டிலும் முட்டை. தினேஷ் கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று ஆட்டமும் வெளியே உட்காரவைத்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். இதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதிய திரைக்கதைதானே?

மூன்றாவது அம்பயர் | இரவு 8.55

இல்லை. நாவலின் முடிவை ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். பிடிக்கவில்லை என்றால் அவர் சட்டையைப் பிடிக்கலாம். ஆட்டத்துக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. இலங்கையோடு ஆடும்போது சச்சின் மட்டையில் பட்டு உள்ளே திரும்பி ஸ்டம்பில் விழுந்ததே, அதை யார் எழுதினார்கள்? முடிவு யார் கையிலும் இல்லை என்பதற்காகத்தானே ராத்திரி மூணு மணி வரை உட்கார்கிறோம். அதே காரணத்துக்காக அப்புறம் அழுதால், ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுச் சுவரை இடித்தவர்களுக்கும் நமக்கும் ஒரு படிதான் வித்தியாசம்.

புத்தகப்புழு | இரவு 9.05

ஏமாற்றம் வேறு, கல்லெறிவது வேறு. அவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், அவர் திண்ணையை விட்டு இறங்கமாட்டார்.

முதல் பக்கப் பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. அது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் அந்தப் பக்கத்தை அதற்குரிய எடைக்கு மேலே கனமாக்கினது யார்? போன வருஷம் அந்த நாவலை வைத்து எடுத்த படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. படத்துக்குத் தடை இருந்த நாளிலும் புத்தகம் நடைபாதையில் அடுக்கி வைத்திருந்தது. எங்கள் நூலகத்தில் அதுவரை சீந்தாதவர்கள் எல்லாம் அப்போதுதான் பேரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

லண்டன் வழக்கு தெரியுமா? எங்கள் ஆராய்ச்சியைத் திருடிவிட்டார் என்று பைஜென்ட், லீ என்ற இரண்டு பேர் வழக்குப் போட்டுப் போன வருஷம் ஏப்ரலில் தோற்றார்கள். அந்தத் தீர்ப்புக்குள் சில எழுத்துகளைச் சாய்வாக அச்சிட்டு நீதிபதியே ஒரு ரகசியக் குறிப்பை ஒளித்து வைத்தார். நீதிபதிக்கே விளையாடத் தோன்றியது என்றால் புத்தகத்தில் ஏதோ இருக்கிறது.

நைட் ஷிப்ட் | இரவு 9.11

நம்ம தேர்வுக் குழு அறிக்கையிலயும் அப்படி ஏதாவது ஒளிஞ்சிருக்கானு பாக்கணும்.

ஸ்காபரோக்காரன் | இரவு 10.50

உங்கட மார்ச் 23 கதைக்கு ஒரு சின்னப் பின்னிணைப்பு. நான் வேலைக்கு லீவு போட்டிட்டு அண்ணையோட இருந்து பாத்தனான். எங்கட வீட்டில எப்பவும் இதுதான் சண்டை. அண்ணை இந்தியாப் பக்கம், நான் முரளி எங்க நிக்கிறாரோ அந்தப் பக்கம். ஏன் எண்டு விளக்கப் போனால் இரவு விடிஞ்சிடும். தோனி வந்து முதல் பந்திலேயே முரளிக்கு எல்பிடபிள்யூ. அண்ணை ஒண்டும் பேசேல்லை. எழும்பிப் போய் அந்தக் குளிருக்க காரைக் கழுவத் தொடங்கிட்டார்.

பிறகும் அவர் விடேல்லை. 25-ஆம் தேதி பெர்முடா வங்கதேசத்தை வெண்டால் இந்தியா உள்ளுக்குப் போகலாம் எண்டு கணக்குப் போட்டு, பெர்முடாவுக்குக் கை தட்டினவர். மழையால 21 ஓவராக் குறைச்சாங்கள், பெர்முடா 94. பாவம் மனுசன். புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது, படம் பாத்து நித்திரையாப் போனனான்.

திண்ணைக்காரன் | இரவு 10.58

உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெர்முடாவுக்கு நானும் கை தட்டினேன். அந்த ஸ்லிப் ஃபீல்டர், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு உத்தப்பாவைப் பாய்ந்து பிடித்தாரே, அவர் ஏதாவது செய்வார் என்று.

மூன்றாவது அம்பயர் | இரவு 11.03

லெவராக். அது சரி, ஒன்பது மணிக்குப் படுக்கை என்றீர்களே?

புத்தகப்புழு | 5 ஏப்ரல், காலை 8.30

சேப்பல் நம் அணிப் பயிற்சியாளராக நீடிக்கப் போவதில்லையாம், செய்தியில் சொல்கிறார்கள். திண்ணைக்காரரே, உங்கள் திரைக்கதை ஆசிரியர் கிளம்பிவிட்டார். புத்தகத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? பழைய பேப்பருக்குப் போடுவதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள், அந்த இரட்டை ஃபாரத்தைப் பார்க்க வேண்டும்.

திண்ணைக்காரன் | காலை 9.45

கொடுக்கிறேன் அக்கா. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

சரி, சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு 'ஸ்கோர் மட்டும் பார்ப்போம்' என்று டிவியைப் போட்டேன். இங்கிலாந்துக்கு 236 தேவை. பாதியிலேயே தூங்கியிருப்பேன், அந்த ரவி போபாரா தனியாக இழுத்துக்கொண்டு வந்தான். கடைசிப் பந்தில் மூன்று ரன். தில்ஹாரா ஃபெர்னாண்டோ ஓடி வந்தான், பந்து கையை விட்டுப் போகப்போகிறது, போடாமல் நின்றுவிட்டான். நான் கட்டிலில் ஏறி நிற்கிறேன். திரும்ப நடந்து போய், திரும்ப ஓடி வந்து போட்டான். போல்டு. இலங்கை இரண்டு ரன்னில் ஜெயித்தது.

மார்ச் 23 அன்று சச்சின் ஸ்டம்பைத் தட்டினதும் இதே ஃபெர்னாண்டோதான். நான் கை தட்டினேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டம்மா 'நம்ம டீம்தான் வந்துடுச்சே, இன்னும் யாருக்குப் பாக்குறீங்க' என்றாள்.

ஸ்காபரோக்காரன் | காலை 9.52

அண்ணையும் கை தட்டினவர். ஆருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவர்.

நைட் ஷிப்ட் | காலை 9.55

அடுத்த மேட்ச் எப்பண்ணே?