பூங்காவில் பிள்ளைகளுக்கு மரப் பேச்சும் ஓலைப் பின்னலும்: வழி சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசகி:
எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அழைத்துப் போய், மரங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் பனையோலைப் பின்னல் பழக்க விரும்புகிறேன். பின்னல் அம்மம்மா தந்த கைவேலை. ஆனால் சென்ற தடவை வீட்டில் பழக்கியபோது ஓலை படக்கென்று ஒடிந்தது. ஒரு சிறுமி அழுதேவிட்டாள். பேச்சை எங்கே தொடங்குவது என்பதும் பிடிபடவில்லை.

பருத்தித்துறைக்காரி:
முற்றிய ஓலையை எடுத்திருப்பீர்கள், அக்கா. விரியாத குருத்தோலைதான் வேண்டும். ஈர்க்கை நீக்கி, வெயிலில் காயவிட்டு, வார்ந்துகொள்ளுங்கள். முதல்நாள் இரவே ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நாடா போல வளையும். பெட்டி பிறகு பார்க்கலாம், முதலில் கிலுகிலுப்பை பின்னட்டும். உள்ளே நாலு சிறுகல் போட்டுக் குலுக்கினால் அந்த அழுத பிள்ளை சிரிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கறுவாவில் தொடங்குங்கள், தங்கச்சி. பூங்கா இருப்பது கொழும்பு 7 கறுவாத்தோட்டத்தில். நிற்கும் இடத்தின் பெயரே பாடம். சாடியில் ஒரு கன்று கொண்டுபோங்கள். தளிர் சிவந்திருக்கும். முற்றிய இலையில் மூன்று நரம்புகள் அடியிலிருந்து நுனிநோக்கி ஓடும். அவற்றை விரலால் தடவிப் பார்க்கட்டும். பிறகு கசக்கி முகரச் சொல்லுங்கள். பட்டை மணத்தை எதிர்பார்த்தவர்களுக்குக் கராம்பு மணக்கும்! கராம்பிலுள்ள யூஜினோல் என்ற மணப்பொருள்தான் அந்த இலையின் எண்ணெயிலும் மிகுதி. என் மாணவர்கள் இதை மறந்ததே இல்லை.

வெள்ளவத்தை வாசகி:
நன்றி, ஐயா. கன்று தேடத் தொடங்கிவிட்டேன். குருத்தோலைக்கு ஊருக்குச் சொல்லிவிட்டேன், தங்கச்சி.