அவசரம்: நாய் ராத்திரி பூரா குரைக்குது, பக்கத்து வீட்டோட சண்டை வந்திடும்போல

சாட்ஸ்வர்த்_மல்லி
வணக்கம். எங்க நாய் ராத்திரில குரைச்சா நிக்கவே மாட்டேங்குது. அதட்டியாச்சு, தண்ணி தெளிச்சாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க மாநகராட்சில புகார் கொடுப்போம்னு சொல்லிட்டாங்க. குரைச்சா ஷாக் அடிக்கிற கழுத்துப் பட்டை வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஃபீனிக்ஸ்காரன்
நாய்க்கு என்ன வயசு? என்ன ஜாதி? கட்டி வச்சிருக்கீங்களா, அவுத்து விட்டிருக்கீங்களா? எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?

வெருலம்_அக்கா
குரங்குதான் தங்கச்சி. லிச்சியும் மாம்பழமும் பழுக்கிற காலத்துல சுவர் மேல ஏறி வரும். வேலியில நிழல்வலை கட்டி நாயோட பார்வையை மறைச்சிடுங்க.

நாய்மொழி
குரங்கு பொழுது சாய்ஞ்சா மரத்துல அடங்கிடும். ராத்திரி லிச்சிக்கு வர்றது பழந்தின்னி வௌவால். இந்த மன்றத்துல பழைய இழைகளை ஒரு தடவை படிச்சிட்டு வந்தா இதையெல்லாம் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்காது. காரணம் தெரியாம எந்தச் சாமானும் வாங்காதீங்க. பழைய போனை முற்றத்துல வச்சு மூணு ராத்திரி பதிவு பண்ணுங்க. நீங்க கதவைச் சாத்தின அரை மணிக்குள்ள ஊளையும் முனகலுமா ஆரம்பிச்சா, தனியா இருக்கிற பயம். ஒரே மூலையைப் பார்த்து விட்டு விட்டுக் குரைச்சா, அங்க ஏதோ இருக்கு. வயசான நாய் வெறும் சுவரைப் பார்த்துக் குரைச்சா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டணும். வலியா இருக்கலாம், மூளைத் தளர்ச்சியா இருக்கலாம்.

டோங்காட்_தம்பி
இவ்வளவு எதுக்கு அண்ணே? பட்டை மாட்டினா ரெண்டே நாள்ல அமைதி. இல்லன்னா பின்னாடி சங்கிலில கட்டிப் போடுங்க.

நாய்மொழி
பட்டையில வலிக்கிற நேரத்துல நாய் எதைப் பார்க்குதோ, அதுமேல வலியை ஏத்திக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கும்போது ஷாக் அடிச்சா, அடுத்தது கடிதான். பக்கத்து நாய் குரைச்சாலே அடிக்கிற மலிவுப் பட்டைகளும் உண்டு. வேல்ஸ்ல 2010லயே இதைத் தடை பண்ணிட்டாங்க. சங்கிலியைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி நம்ம தென்னாப்பிரிக்காவோட 1962ஆம் வருஷத்து 71ஆம் எண் மிருகப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்க தம்பி. தேவையில்லாம கட்டிப் போடுறது அதுல குற்றம்.

டோங்காட்_தம்பி
வேலி இல்லாத வீட்டுல என்ன செய்யிறது? ரோட்டுல விட்டு டாக்ஸில அடிபடட்டுமா?

ஃபீனிக்ஸ்காரன்
ரெண்டு பேரும் நிறுத்துங்க. மல்லி இன்னும் ஒண்ணும் சொல்லல.

சாட்ஸ்வர்த்_மல்லி
மன்னிக்கணும். 4 வயசு, பொட்டை, ஆப்பிரிக்கானிஸ் (இங்கத்த நாட்டு நாய்) கலப்பு, அவுத்துத்தான் விட்டிருக்கோம். ராத்திரி 1 மணியிலருந்து 4 வரைக்கும். பின்சுவர் மூலையைப் பார்த்தே நிக்குது. மழை பெஞ்ச ராத்திரில ரொம்ப மோசம்.

மின்வேலி_டர்பன்
மழையாலதான்னா, சுவர் மேல மின்வேலி இருக்கா? வேலிக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி, எனர்ஜைசர், ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். ஈரமான கொடி கம்பியில பட்டாலோ, கம்பியைத் தாங்குற இன்சுலேட்டர்ல பாசியும் உப்பும் படிஞ்சாலோ, மின்சாரம் அந்த வழியா தாவி "டிக், டிக்"னு கேக்கும். ஊர் அடங்கின நேரத்துல நாய்க்கு அது காதுக்குள்ள அடிக்கிற மாதிரி. விளக்கை அணைச்சிட்டு ஈர ராத்திரில அந்த மூலையில நின்னு பாருங்க, நீலப் பொறி தெரியும். வீட்டுல ஆள் விழிச்சிருக்கும்போது எனர்ஜைசரைப் பத்து நிமிஷம் அணைச்சுப் பாருங்க. குரைப்பு அடங்கிட்டா காரணம் அதுதான். கை வைக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் அணைக்கணும். கொடியைக் கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டுங்க. இன்சுலேட்டரை ஈரத்துணியால துடைச்சு, கீறல் விழுந்ததை மாத்துங்க.

வெருலம்_அக்கா
காரணம் போனாலும் பழக்கம் கொஞ்ச நாள் நிக்கும் தங்கச்சி. மழை ராத்திரில சமையலறைக்குள்ள படுக்க வச்சு ஃபேனைப் போட்டு விடுங்க, வெளிச்சத்தம் அமுங்கும். பகல்ல பழக்குங்க: ரெண்டு தடவை குரைக்க விட்டு, மெதுவா "போதும்"னு சொல்லி, பட்டாணி அளவு வேகவச்ச கோழியை மூக்குக்கிட்ட பிடிங்க. மோந்து பார்க்கும்போது வாய் மூடும். மூணு நொடி அமைதியா இருந்தா கொடுங்க, அப்புறம் அஞ்சு, பத்துன்னு கூட்டுங்க. வெங்காயம் பூண்டு போட்ட கறி வேண்டாம். வேர்க்கடலை வெண்ணெய் கொடுத்தா சைலிட்டால்ங்கிற இனிப்புப் பொருள் இல்லாததா பாருங்க, அது நாய்க்கு விஷம். அதட்டாதீங்க, நீங்களும் சேர்ந்து குரைக்கிறதா அது நினைச்சுக்கும்.

சாட்ஸ்வர்த்_மல்லி
கிரனடில்லா (பேஷன் ஃப்ரூட்) கொடி கம்பி மேல படர்ந்திருந்துச்சு. வெட்டியாச்சு. நேத்து ராத்திரி மழை, ரெண்டே தடவைதான் குரைச்சுது. எல்லாருக்கும் நன்றி.

மின்வேலி_டர்பன்
வேரை விட்டிருந்தா மறுபடி ஏறிடும். மழைக்காலம் முடியிற வரைக்கும் மாசம் ஒரு தடவை பார்த்து வெட்டுங்க.