ஸ்பெக்ட்ரம் 48கே: மைனஸ் 5 வோல்ட் வரவில்லை, உதவி தேவை

வணக்கம். என்னிடம் இருப்பது 1980களின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், இஷ்யூ 3 (மூன்றாம் பதிப்பு) போர்டு. ஆன் செய்தால் திரையில் செங்குத்துக் கோடுகள் மட்டும். தொடக்கத்தில் திரையில் வர வேண்டிய 1982 பதிப்புரிமை வாசகம் வருவதே இல்லை.

7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) அவுட்புட் 5.03 வோல்ட், அதில் பிரச்சினை இல்லை. 4116 ராம் (நினைவக) ஐசிகளில் 8ஆம் பின்னில் 12க்குப் பதில் 4.7தான் இருந்தது. டிஆர்4 டிரான்சிஸ்டர் ஷார்ட். புது இசட்டிஎக்ஸ்650 போட்டதும் 12 வந்துவிட்டது. ஆனால் மைனஸ் 5 வர வேண்டிய 1ஆம் பின்னில் மைனஸ் 0.3ஐத் தாண்டவில்லை. பத்தே நொடியில் ராம் ஐசிகளில் ஒன்றான ஐசி7 மேல் விரல் வைக்க முடியாத சூடு. உடனே அணைத்துவிட்டேன், மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் போனால் மிச்சமுள்ள 4116களும் காலி.

பவர் இல்லாமல் அளந்தால் 1ஆம் பின்னுக்கும் 16ஆம் பின்னுக்கும் (கிரவுண்ட்) இடையே 3 ஓம். எட்டு ஐசிக்கும் ஒரே லைன், அதனால் எங்கே வைத்தாலும் மீட்டர் அதே 3தான் காட்டுகிறது!

ஐசி7இன் 1ஆம் காலை மட்டும் வெட்டித் தூக்கி மறுபடி அளந்தால் போதுமா, இல்லை முதலில் மைனஸ் 5 லைனில் உள்ள 5.1 வோல்ட் செனர் டையோடைக் கழற்றிப் பார்க்கவா?

எட்டையும் 5 வோல்ட் மட்டுமே போதுமான 4164 ராமாக மாற்றும் யோசனையும் உண்டு. 8ஆம் பின்னுக்கு 5 வோல்ட் தர வேண்டும், 9ஆம் பின் அதில் அட்ரஸ் லைன். வீடியோ பகுதிக்கு 12 வோல்ட் வேண்டுமே, இஷ்யூ 3இல் டிராக்கை எங்கே வெட்டுவது? செய்தவர்கள் படம் போட்டால் நல்லது.