நீச்சல் தெரியாதவர் 873 பேரைக் காப்பாற்றியது எப்படி?

பந்திங்_வாசு:
வணக்கம். வெள்ளக் காலத்துக்கு முன்னால் எங்கள் தாமான் (குடியிருப்பு) தொண்டூழியர்களிடம் ஹென்றி ப்ளாக் பற்றிப் பேச வேண்டும். இங்கிலாந்தின் குரோமர் ஊர் உயிர்காப்புப் படகுத் தலைவர். 53 ஆண்டில் 387 முறை படகு இறக்கி 873 உயிர். நீச்சலே தெரியாதாம்! பதக்கங்களை அடுக்கினால் போதுமா, வேறு என்ன சொல்லலாம்?

மோரிப்_அலை:
பதக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள் ஐயா. ஆர்என்எல்ஐ (பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பு) தங்கம் 3 (1917, 1927, 1941), வெள்ளி 4, வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை. நேரத்தைப் படகு இறக்குவதற்குக் கொடுங்கள். படகுக்கு ஆள் கூப்பிடும் வெடிச் சத்தம் கேட்டதும் நண்டு பிடிக்கிறவர்கள் ஓடி வருவார்கள், தோட்டத்துப் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் சேர்வது போல. ப்ளாக்கும் நண்டு பிடித்தவர்தான்.

1917 ஜனவரி 9: ஃபெர்னெபோ என்ற சுவீடன் கப்பல் கண்ணிவெடியில் இரண்டாகப் பிளந்தது. ப்ளாக்கின் படகில் இஞ்சின் கிடையாது, 14 துடுப்பு மட்டும். இளைஞர்கள் போருக்குப் போய்விட்டதால் துடுப்பு வலித்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அன்றே இன்னொரு கப்பலுக்கும் போய் ஆட்களை மீட்டுவிட்டுக் களைத்து வந்தவர்கள். கரையில் இருந்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கித் தள்ளிவிட்டும், அலையில் துடுப்புகள் முறிந்து படகு கரைக்கே திரும்பியது. மாற்றுத் துடுப்போடு மறுபடி போய் 11 பேரைக் கொண்டுவந்தார்கள். இப்படி மறுபடி போனதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இஞ்சின்_ராஜூ:
1933 டிசம்பரில் செப்பாய் என்ற சரக்குப் படகு குரோமர் கரையருகே மூழ்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பாய்மரக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கயிறு போட்டு நின்றால் ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கி மோதும். ப்ளாக் தன் மோட்டார் படகை நேராக அதன் மேல்தளத்தின் மீதே ஏற்றினார். ஒருவரைப் பிடித்து இழுத்தார்கள், அலை பின்னுக்குத் தள்ளியது. மறுபடி ஏற்றி அடுத்தவரை எடுத்தார்கள். ப்ளாக் படகின் உந்து விசிறி அடிப்பக்கக் குடைவுக்குள் இருந்ததால் ஓரளவு தப்பியது.

நம் ஃபைபர் படகில் இதைச் செய்யவே கூடாது. விசிறி வெளியே தொங்குகிறது. செம்பனை மட்டையோ வேலிக் கம்பியோ சுற்றினால் இஞ்சின் நின்றுவிடும், நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். ஆளை எடுக்க, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமிருந்து மூக்கை எதிரே வைத்து மெதுவாக ஏறுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் நியூட்ரல்.

பந்திங்_வாசு:
நன்றி அண்ணே. நீச்சல் தெரியாதவர் கடலில் விழுந்திருந்தால்?

மோரிப்_அலை:
விழுந்திருக்கிறார். 1941 அக்டோபரில், 65 வயதில், பெரிய அலை அவரையும் இன்னும் நால்வரையும் படகிலிருந்து தூக்கி எறிந்தது. ஐவரையும் இழுத்து ஏற்றினார்கள். அதில் ஒருவர் பிழைக்கவில்லை. அன்று அவர்களை மிதக்க வைத்தது உயிர்காப்பு அங்கி. ஆகவே உங்கள் ஆட்களின் அங்கிகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். கால் இடுக்கு வார் இல்லாத அங்கி தண்ணீரில் மேலேறி முகத்தை மூடும். தோள் பட்டையைப் பிடித்து இழுங்கள். காது வரை ஏறினால் வாரை இறுக்குங்கள். இடுப்பில் கயிறு கட்டி யாரையும் நீரோட்டத்தில் இறக்காதீர்கள், கயிறு இழுபட்டால் ஆளை அடியில் அமுக்கிவிடும்.