அப்பாவின் தலைக் கட்டி: மோஸ் அறுவை சிகிச்சை எங்கே செய்றாங்க?

அப்பாவுக்கு 58 வயசு, ஊர் திருநெல்வேலி. உச்சந்தலையில 3 வருஷமா இருந்த கட்டியைக் கொழுப்புக் கட்டின்னு சொல்லி போன வருஷம் உள்ளூர்ல எடுத்தாங்க. பயாப்சிக்கு அனுப்பவே இல்லை; அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரலை. 8 மாசத்துல அதே தழும்புல திரும்ப வந்துடுச்சு. வலி இல்லை, கல்லு மாதிரி இருக்கு, 4 செ.மீ.

இந்தத் தடவை பயாப்சி எடுத்தோம்: டெர்மடோஃபைப்ரோசார்கோமா ப்ரோட்டுபெரன்ஸ்ங்கிற ஒரு வகைத் தோல் புற்றுநோய்; அதை உறுதிப்படுத்த உதவுற சிடி34 சோதனையும் பாசிட்டிவ். எம்ஆர்ஐ-ல மண்டையோட்டுக்குப் பரவலை, நெஞ்சு சிடி ஸ்கேனும் நார்மல். ரெண்டு சர்ஜன்களைப் பார்த்தாச்சு. சுத்தி 2–3 செ.மீ. சேர்த்து வெட்டி, அன்னைக்கே தோல் ஒட்டிடலாம்னு சொல்றாங்க. வேர் விட்டுப் பரவுற கட்டி இது. ஓரத்துல மிச்சம் இருக்கிறது தெரியாம மூடிட்டா?

ஓரம் முழுக்கப் பரிசோதிச்சு, சுத்தம்னு தெரிஞ்ச பிறகே மூடுற மோஸ் முறையைத் தலைக்குத் தமிழ்நாட்டுலயோ பெங்களூர்லயோ எங்கே செய்றாங்க?