மார்பிள் குயின் மணி பிளான்ட்: புது இலை பச்சையாக வருகிறது, பழைய இலையின் வெள்ளை கருகுகிறது. உதவி தேவை

கேட்பவர்: வேளச்சேரி வாசி

வணக்கம். எதிர் வீட்டு அக்கா மதுரைக்குக் குடிபோகும்போது தன் மார்பிள் குயினில் ஒரு கொடியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் ஆகிறது. ஹால் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், நான்கடிக்குத் தொங்குகிறது. வந்த புதிதில் ஒவ்வொரு இலையும் பாலைத் தெளித்த மாதிரி பாதி வெள்ளையாக இருக்கும். இப்போது மூன்று மாதமாக வரும் இலைகள் சின்னதாகவும், கிட்டத்தட்ட முழுப் பச்சையாகவும் இருக்கின்றன. பழைய இலைகளில் வெள்ளைப் பகுதி மட்டும் ஓரத்திலிருந்து பழுப்பாகிக் காய்கிறது. அடி இலை இரண்டு மஞ்சளாகி விழுந்துவிட்டன.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீர் விடுகிறேன். வாரம் இரண்டு தடவை அரிசி கழுவிய தண்ணீர். ஜன்னல் வடக்குப் பக்கம், செடியிலிருந்து ஒன்பது அடி இருக்கும். சத்துக் குறைவோ என்று போன மாதம் ஒரு சிட்டிகை யூரியா கரைத்து ஊற்றினேன், அப்புறம் இன்னும் மோசமாகிவிட்டது. அந்த அக்கா போன் செய்யும்போதெல்லாம் "கொடி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

மொட்டைமாடி

வெளிச்சம் போதாததுதான் காரணம். இரண்டு வாரம் மாடியில் நல்ல வெயிலில் வையுங்கள். என் மணி பிளான்ட் முழு வெயிலில்தான் நிற்கிறது, இலை ஒவ்வொன்றும் கை அகலம்.

பழைய நர்சரிக்காரர்

தம்பி, வெளிச்சக் குறைவு என்று சொன்னது சரி, ஆனால் மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்களிடம் இருப்பது பச்சையில் மஞ்சள் தீற்றல் போட்ட சாதா வகையாக இருக்கும். அது பழகிவிட்டால் வெயில் தாங்கும், மரத்தில் ஏற்றிவிட்டால் முறம் அளவுக்கு இலை விடும். மார்பிள் குயின் அப்படி இல்லை. வீட்டு நிழலில் இருந்த செடியைச் சென்னை வெயிலில் வைத்தால் வெள்ளை முழுக்க ஒரே நாளில் வெந்துவிடும்.

அம்மா, உங்களிடம் இரண்டு கேள்வி. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா? மண்ணை மோந்து பார்த்தால் புளித்த வாடை வருகிறதா?

வேளச்சேரி வாசி

ஐயா, அது பீங்கான் தொட்டி, ஓட்டை இல்லை. நீங்கள் கேட்டபிறகு சாய்த்துப் பார்த்தேன், அரை டம்ளர் தண்ணீர் கறுப்பாக வடிந்தது. நாற்றமும் அடிக்கிறது. மண்ணைக் கிளறினால் சின்னக் கொசு மாதிரி பூச்சிகள் பறக்கின்றன.

பழைய நர்சரிக்காரர்

அப்படியென்றால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. வெள்ளை கருகுவதற்கு அதுதான் முதல் காரணம். வேர் தண்ணீரை மேலே அனுப்பாதபோது இலையில் முதலில் காய்வது வெள்ளைப் பகுதிதான், அங்கே திசு மென்மை.

இலையில் பச்சை இருக்கும் இடத்தில்தான் உணவு தயாராகிறது. வெள்ளையில் பச்சையம் இல்லை. பாதி வெள்ளை இலை என்றால் செடி பாதி அடுப்பில்தான் சமைக்கிறது. அதனால் சாதா வகையைவிட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், தண்ணீர் குறைவாகப் போதும். நீங்கள் இருட்டில் வைத்து நிறையத் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். வெளிச்சம் குறையும்போது பச்சை மிகுந்த தளிர்தான் முந்திக்கொண்டு வளரும். யூரியா அந்தப் பச்சைக்கு இன்னும் உரம் போட்டது, அழுகிய வேருக்கும் உப்புச் சுமை. அரிசித் தண்ணீரையும் நிறுத்துங்கள். ஓட்டை இல்லாத தொட்டியில் அது தேங்கிப் புளிக்கும், பூச்சி அங்கேதான் முட்டையிடும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் மோரேயா என்ற சின்னத் தீவு. அங்கே மரத்தைப் பிடித்து ஏறும் கொடி இது. காற்றோட்டத்தில் பழகிய வேர் சேற்றில் நின்றால் மூச்சு முட்டிப் போகும்.

செடியை எடுத்து வேரைக் கழுவுங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருப்பது நல்ல வேர். பழுப்பாகி விரலில் வழுக்கிக்கொண்டு வருவதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். மிஞ்சிய வேர்க்கட்டைவிட ஒரு அங்குலம் மட்டும் பெரிதான, ஓட்டை உள்ள மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் காயவே காயாது. செம்மண், கோகோபீட், பருமணல் மூன்றும் சமபங்கு, ஒரு பிடி மண்புழு உரம். நடுவிரலின் இரண்டு கணு ஆழம் காய்ந்தபிறகுதான் அடுத்த தண்ணீர். கிழமை கணக்கு வேண்டாம்.

மாடித்தோட்டத்து மல்லிகா

அக்கா, பச்சையாகிப்போன கொடியை வெட்டாமல் விட்டால் வெளிச்சத்துக்கு மாற்றினாலும் அது பச்சையாகவே போகும். தண்டைப் பாருங்கள். தண்டிலும் வெள்ளைக் கோடு ஓடும். எந்தக் கணு வரைக்கும் அந்தக் கோடு இருக்கிறதோ, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவின் மொட்டு வெள்ளைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் தளிரிலும் வெள்ளை வர நல்ல வாய்ப்பு உண்டு. நான் இலையை மட்டும் பார்த்து வெட்டி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

கோடு உள்ள துண்டுகளைக் கணு தண்ணீரில் முங்கும்படி பாட்டிலில் போட்டு வையுங்கள். வேர் தப்பாவிட்டாலும் அக்கா கொடுத்த செடி உங்களிடம் இருக்கும். வெட்டும்போது கசியும் சாறு பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி

ஐயா சொன்னது புரிகிறது, என்னுடையது சாதா வகைதான். வடக்கு ஜன்னலைத் தவிர வேறு இடம் இருக்கிறதா?

வேளச்சேரி வாசி

படுக்கையறையில் கிழக்கு ஜன்னல் இருக்கிறது. காலை ஒன்பது மணி வரை வெயில் வரும். போர் தண்ணீர்தான் விடுகிறேன், அது பரவாயில்லையா?

பழைய நர்சரிக்காரர்

கிழக்கு ஜன்னல் அருமை. மெல்லிய திரைக்குப் பின்னால், இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். ஏசி காற்று நேராகப் படக் கூடாது. போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் இலை நுனி கருகும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்து விட்டால் நல்லது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை விடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. கருகிய இடம் மறுபடி வெளுக்காது, பச்சையாகிவிட்ட இலையும் மாறாது. புது இலையை மட்டும் பாருங்கள்.

வேளச்சேரி வாசி (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. வேரில் முக்கால்வாசி போய்விட்டது. கொடியைத் தண்டுக் கோடு பார்த்து வெட்டினேன், தாய்ச்செடியில் மூன்று கணுதான் மிச்சம். பாட்டிலில் போட்ட ஐந்து துண்டில் நான்கு வேர் விட்டன, பதினெட்டாவது நாள் முதல் வேர். ஐந்தாவது அழுகிவிட்டது, அதில் கணு தண்ணீருக்கு வெளியே இருந்தது. தாய்ச்செடியில் இரண்டு தளிர் வந்திருக்கின்றன. ஒன்றில் பாதி வெள்ளை. இன்னொன்று முழு வெள்ளை, ரொம்ப அழகாக இருக்கிறது. அதை மட்டும் தனியாக வெட்டி நடலாமா?

மாடித்தோட்டத்து மல்லிகா

வேண்டாம் அக்கா. பச்சையே இல்லாத துண்டு தானாகச் சாப்பிட முடியாமல் கொஞ்ச நாளில் வாடிவிடும். தாயோடு இருக்கும்வரை தாய் ஊட்டும். அடுத்தடுத்து இரண்டு இலை முழு வெள்ளையாகவே வந்தால் கீழே பச்சை கலந்த கணு வரை கிள்ளிவிடுங்கள். வேர் விட்ட நான்கையும் ஒரே தொட்டியில் சேர்த்து நடுங்கள், சீக்கிரம் அடர்த்தியாகிவிடும்.

வேளச்சேரி வாசி

மூன்றைத்தான் நடப்போகிறேன். நான்காவது மதுரைக்குப் போகிறது. அக்காவின் செடி அங்கே போன வெயிலில் பட்டுப்போய்விட்டதாம், நேற்றுதான் சொன்னார்.