உயரமான பைக்கில் கால் எட்டவில்லை: வண்டியைத் தாழ்த்துவதா, பழகிக்கொள்வதா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என் உயரம் 160 செ.மீ.; காலின் உட்புற நீளம் ஏறத்தாழ 73 செ.மீ. பல ஆண்டுகளாக 150 சிசி பைக் ஓட்டிவந்த நான், அண்மையில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறேன். அதன் சீட் உயரம் 825 மி.மீ., எடை 196 கிலோ. வண்டி நகர்ந்துவிட்டால் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நெடுஞ்சாலையிலும் வளைவுகளிலும் பழைய வண்டியைவிட இதுவே நிதானமாகச் செல்கிறது. நிற்கும்போதுதான் சிக்கல். இரண்டு கால்களையும் ஊன்றினால் விரல் நுனிகள் மட்டுமே தரையைத் தொடுவதால், சிக்னலை நெருங்கும்போதே மனம் பதறத் தொடங்கிவிடுகிறது. லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டுக்குப் பதிலாகப் பொருத்தி வண்டியைத் தாழ்த்தும் பாகம்) பொருத்தினால் 40 மி.மீ. வரை இறக்கிவிடலாம் என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்துவிடலாமா, அல்லது வேறு வழி உண்டா? உயரம் குறைந்த அன்பர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

சகோதரி, லிங்க் பொருத்துவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நானும் உங்கள் உயரத்தை ஒட்டியவன்தான். இதைவிட உயரமான வண்டியை நெடுங்காலமாக ஓட்டிவருகிறேன். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தால்தான் பாதுகாப்பு என்ற எண்ணமே உங்கள் பதற்றத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. இரு நுனிக்கால்களில் நிற்பவருக்கு எந்தப் பக்கத்திலும் உறுதியான பிடிமானம் கிடையாது; சிறு கல்லோ காற்றோ போதும், வண்டி எந்தப் பக்கமும் சாயலாம். ஒரு பாதம் முழுமையாக ஊன்றியிருந்தால் வண்டி அந்தப் பக்கம் மட்டுமே சாயும், அங்கே உங்கள் கால் காத்திருக்கும்.

ஆகவே நிற்பதற்குச் சற்று முன்பே இடுப்பை சீட்டின் இடப்பக்க விளிம்புக்கு நகர்த்துங்கள். வலது தொடை சீட்டின் மேல் இருக்க, இடது கால் நேராகத் தரைக்கு இறங்கும். வலது கால் பின் பிரேக்கின் மேல் இருக்கும். நடுவில் உட்கார்ந்தால் சீட்டின் அகலமே காலின் நீளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஓரத்துக்கு வந்துவிட்டால் நுனிவிரல் மட்டும் தொட்ட இடத்தில் பாதத்தின் முன்பாதி நன்றாகவே பதியும். வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும்வரை 196 கிலோவில் மிகச் சிறு பங்குதான் உங்கள் காலுக்கு வரும். சாய்வு கூடக்கூடச் சுமையும் விரைந்து கூடும் என்பதால், சாய்ந்தபின் பிடிப்பதைவிடச் சாயாமல் நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும்.

சாயாமல் நிறுத்துவதற்கு மிக முக்கியமானது, வண்டி நிற்கும் அந்தக் கடைசி நொடியில் ஹேண்டில்பார் நேராக இருப்பது. உயரமான வண்டிகள் நின்ற இடத்திலேயே கீழே விழுவதற்கு அடிக்கடி காரணமாவது, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது நடைவேகத்தில் முன் பிரேக்கை அழுத்துவதுதான். முன்சக்கரம் சட்டென்று நின்று, வண்டியின் எடை முழுவதும் திரும்பிய பக்கமாகப் பாய்கிறது. கடைசிச் சில மீட்டர்களில் பின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தி, கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, பார்வையைத் தரையில் பதிக்காமல் தொலைவில் வைத்து நில்லுங்கள். நிறுத்தக்கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்பே கால் வைக்கப்போகும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. இடப்பக்கம் செல்லும் போக்குவரத்தில் சாலையோரமாக ஒதுங்கி நின்றால், உங்கள் இடது காலுக்குத் தரை இன்னும் ஆழமாகிவிடும். ஓரத்தை விட்டுத் தடத்தின் நடுப்பகுதியில் நில்லுங்கள். அது முடியாத இடத்தில், உயர்ந்த பக்கமான வலப்பக்கம் காலை ஊன்றி முன் பிரேக்கால் வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு கால்களாலும் நிற்கப் பழகியிருப்பது இதனால்தான் அவசியம். காலியான திடலில், பைகள் எதுவும் மாட்டாமல், நடைவேகத்தில் எட்டு வடிவம் போட்டும் நிறுத்தி எடுத்தும் பழகுங்கள். மிக மெதுவாகச் செல்லும் வண்டியைக் கிளட்சாலும் பின் பிரேக்காலும் சமன்படுத்த வந்துவிட்டால், கால் நீளத்தைப் பற்றிய கவலை தானாகவே சுருங்கிவிடும்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறிய பயிற்சிமுறை முழுவதும் சரியே. எனினும் வண்டியில் கைவைப்பதே தவறு என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மாற்றங்களுக்கு ஒரு வரிசை உண்டு. லோயரிங் லிங்க் அதில் கடைசியில் நிற்கவேண்டியது.

முதலில், உங்கள் சீட் எந்த நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டியின் சீட்டை 825, 845 மி.மீ. ஆகிய இரு நிலைகளில் வைக்கலாம், 805 மி.மீ. உயரம் தரும் தாழ்வான சீட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதன்பின், சீட்டின் முன்பகுதி ஓரங்களைச் சற்றுச் செதுக்கிக் குறுக்கினால், உயரம் மாறாமலே கால் எட்டும் தூரம் குறையும். உட்காரும் இடத்தில் நுரையை அதிகம் வெட்டச் சம்மதிக்காதீர்கள். நெடும்பயணத்தில் அதன் வலியை இடுப்பும் முழங்காலும் தாங்கவேண்டி வரும். தடித்த அடிப்பகுதி கொண்ட பூட்சும் 20 மி.மீ. வரை கைகொடுக்கும்.

பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடையும், அதாவது அதன் ஸ்பிரிங் முன்கூட்டியே இறுக்கப்பட்டிருக்கும் அளவையும், சோதியுங்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது, சஸ்பென்ஷனின் மொத்த நகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழவேண்டும், 200 மி.மீ. நகர்வுள்ள வண்டியில் அது 60 மி.மீ. அளவு. உடல் எடை குறைந்தவர்களுக்குப் பல வேளைகளில் இந்த அமிழ்வு கிடைப்பதில்லை, வண்டி தேவைக்குமேல் உயர்ந்தே நிற்கிறது. அவ்வாறிருந்தால் ப்ரீலோடைக் குறைப்பது சமரசம் அன்று, சரியான அமைப்பே.

லிங்க் விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கத்தை மட்டும் 40 மி.மீ. இறக்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடி, ஹேண்டில்பார் மந்தமாகத் திரும்பும். அதைச் சரிசெய்ய ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலேற்றினால், முன் சஸ்பென்ஷன் முழுதும் அமிழும்போது டயர் எதிலும் உரசவில்லை என்று உறுதிசெய்யவேண்டும். பின் டயருக்கும் அதே சோதனை தேவை. இரு பக்கமும் இறங்கினால் 230 மி.மீ. தரை இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். பலர் மறந்துவிடுவது சைடு ஸ்டாண்டை: வண்டி தாழ்ந்தபின் பழைய நீளத்திலேயே அது இருந்தால், வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்று, லேசாக இடித்தாலே வலப்பக்கம் விழுந்துவிடும். ஸ்டாண்டையும் சேர்த்துக் குட்டையாக்கித் தரமுடியாதவரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டைச் சரிபார்த்தேன், அது 845 நிலையில்தான் இருந்திருக்கிறது! தாழ்த்திய பின் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. ஒரு காலில் நிற்கும் முறையை நாளை முதல் பழகுகிறேன். இனி எனக்குள்ள அச்சம், வண்டியில் அமர்ந்தபடி பின்னுக்குத் தள்ளமுடியாததும், விழுந்தால் எப்படித் தூக்குவது என்பதும்தான்.

மறுமொழி 3

பின்னுக்குத் தள்ளுவதற்கு இறங்கிவிடுங்கள். இடப்பக்கம் நின்று, இடுப்பை சீட்டோடு அணைத்து, வண்டியை உங்கள் பக்கம் மிக லேசாகச் சாய்த்தபடி, வலது கை விரல்களை முன் பிரேக்கில் வைத்து நகர்த்துங்கள். நுனிக்காலால் உந்துவதைவிட இதில் வலிமையும் கட்டுப்பாடும் அதிகம். சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரம் மேட்டை நோக்கி இருக்கட்டும். புறப்படும்போது வண்டி தானே பின்னால் உருண்டு வெளிவரும். சுவரை நோக்கி இறக்கத்தில் நிறுத்திவிட்டால் தனியாக எடுப்பது மிகவும் கடினம்.

வண்டி கைமீறிச் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் போராடாதீர்கள். காலை விலக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். கீறலைச் சரிசெய்துகொள்ளலாம், முதுகும் முழங்காலும் அப்படியல்ல. தூக்குவதற்கு முன் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் நீட்டிவிடுங்கள், இல்லையெனில் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் போய்விழும். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டி, இடுப்பை அதன் விளிம்பில் பொருத்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் சிறு அடிகளாகப் பின்னோக்கி நடங்கள். வேலை முழுவதையும் தொடைகளே செய்யவேண்டும். பைகள் மாட்டியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். புல்தரையில், நண்பர் ஒருவர் மறுபக்கம் நிற்க, வண்டியை மெதுவாகப் படுக்கவைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.